ஹில்மா அத்தையைத் துடைக்கிறவள்

மெர்வி தொய்வனெனைப் பற்றி யாராவது "அவளா, வாயே திறக்க மாட்டாளே" என்றால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். திறப்பாள் ஐயா, நன்றாகவே திறப்பாள். திட்டுவதற்குத் திறப்பாள். கறுப்பு ரொட்டிக்குத் திறப்பாள். கம்ப்ரஸர் அறையில் நான் செய்த தப்பை மேலாளர் முன்னால் போட்டு உடைப்பதற்குத் தாராளமாகத் திறப்பாள். போனில் மட்டும்தான் திறக்க மாட்டாள். மணி அடித்தால் எடுக்க மாட்டாள், அவளாக யாரையும் அழைக்கவும் மாட்டாள். பெற்ற மகள் இங்காவுக்கே எழுத்தில்தான் செய்தி போகும், அதுவும் ஒற்றைச் சொல்லாக: "வா." "சரி." "உருளைக்கிழங்கு."

புருஷன் ஆஸ்பத்திரியில் இறந்தபோதும் அப்படித்தான். "அப்பா போயிட்டார்" என்று எழுதி அனுப்பினாள், அவ்வளவுதான். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த இங்கா பஸ்ஸுக்குள் நின்றபடி அதைப் படித்தாள். அந்தக் கோபம் அவளுக்குப் போகவே இல்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். என் மனைவியும் சேர்ந்து அழுதாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சமையலறையில் அழுதால் மறுநாள் எல்லாச் சமையலறைக்கும் தெரிந்துவிடும்.

என் பெயர் ரைமோ. மெர்வி வேலை பார்க்கும் அதே ஆலையில் கம்ப்ரஸர்களைக் கவனித்துக்கொள்கிறவன். ஏரியில் பிடிக்கும் சின்ன மீனையும் காட்டில் பொறுக்கும் பழங்களையும் உறையவைத்துப் பெட்டி போடும் ஆலை. குளிர் கொடுப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும் வரை அதைப்போல நல்ல வேலைக்காரன் கிடையாது. வெளியே வந்தால் கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடும். அதிகமாக வந்தால் ஆளையே கொன்றுவிடும். ஆலைக்குக் கீழேதான் ஏரி, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை, அதைச் சுற்றி ஊர்.

அந்த அமோனியாவுக்குக் காவலாகத்தான் போன இலையுதிர் காலத்தில் ஒரு கருவியை வாங்கிப் பொருத்தினார்கள். கம்ப்ரஸர் கட்டடத்தின் வாசலை ஒட்டி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பெட்டி. முற்றத்தின் மறுகோடியில் ஒரு கம்பம், அதில் ஒரு கண்ணாடி. பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று கிளம்பிப் போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வழியில் அமோனியா இருந்தால் அந்த ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு தின்றது என்று பெட்டி கணக்குப் பார்த்து எண்ணாகக் காட்டும். எண் ஏறினாலோ, ஒளியே திரும்பி வராமல் போனாலோ, ஆலைச் சங்கு அலறும். சங்கு கேட்டால் ஊர்க்காரர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, காற்றுக்குக் குறுக்கே, தேவாலயப் பக்கம் நடக்க வேண்டும். அது ஊர் ஏற்பாடு.

முன்பு தபால் அலுவலகத்தில் ஹில்மா என்று ஓர் அம்மாள் இருந்தாள். ஜன்னலை விட்டு நகராமல் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள், எதற்கெடுத்தாலும் கத்துவாள். அதனால் இந்தப் பெட்டிக்கு ஹில்மா அத்தை என்று பெயர் வைத்துவிட்டோம். அத்தையைப் பராமரிக்கும் வேலை மெர்வியுடையது.

மெர்வி இங்கே வருவதற்கு முன் ஒரு காகித ஆலையில் இதே மாதிரிக் கருவிகளோடுதான் இருந்தாள். அந்த ஆலையை மூடியபோது பெட்டி நிறையத் தன் ஸ்பேனர்களையும், மரத்துப்போன ஒரு மூக்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள். காகித ஆலை நாற்றம் அவள் மூக்கைச் சாப்பிட்டுவிட்டது. அழுகிய மீனைப் பக்கத்தில் வைத்தாலும் தெரியாது.

அத்தையை அவள் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். தன் மூக்குக்கண்ணாடியில் ஒரு மாதத்து விரல்ரேகை இருக்கும், அதைத் தொடவே மாட்டாள். அத்தையின் கண்ணுக்கு மட்டும் தனித் துணி, தனி ஸ்பிரிட். முகப்பு மூடிக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தால் சிலந்தியைக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டுபோய் வேலியில் விட்டுவிட்டு வருவாள். குளிர்காலத்தில் கண்ணில் பனி படியாமல் சூடேற்றும் கம்பி வேலை செய்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பாள். கடைசியாக, கொஞ்சூண்டு அமோனியாவை அடைத்துச் சீல் வைத்த ஒரு கண்ணாடிக் குப்பியை ஒளியின் குறுக்கே நீட்டுவாள். அத்தை சரியான எண்ணைச் சொன்னால்தான் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

"எப்பப் பாரு பூஜ்யம்தானே காட்டுறா, எதுக்கு இந்தக் குப்பிப் பூசை?" என்று நான் கேலி செய்வேன்.

"பூஜ்யத்துல ரெண்டு வகை இருக்கு ரைமோ. ஒண்ணுமில்லேன்னு சொல்ற பூஜ்யம் ஒண்ணு. செத்துப்போன பூஜ்யம் ஒண்ணு. திரையில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

இப்படிப்பட்டவளைத்தான் ஜூன் தொடக்கத்தில் ஊரே கரித்துக்கொட்டியது. பைன் மரங்கள் மகரந்தம் உதிர்க்கும் காலம். காரில், ஏரி நீரில், காயப்போட்ட துணியில், எங்கே பார்த்தாலும் மஞ்சள் தூள். ஒரு சனிக்கிழமை மாலை கம்பத்துக் கண்ணாடியில் அது அப்பி, மேலே சாரலும் விழுந்து, சேறாகிவிட்டது. ஒளி திரும்பவில்லை. சங்கு அலறிவிட்டது. சனிக்கிழமை மாலை எங்களூரில் ஒருத்தர் விடாமல் சவுனாவில், நீராவிக் குளியலில், இருக்கிற நேரம்! துண்டோடு ஓடினார்கள், துண்டில்லாமலும் ஓடினார்கள். பெரியவர் உர்ப்போ தலையில் கம்பளித் தொப்பி மட்டும் அணிந்து தேவாலய வாசலில் போய் நின்றார். அங்கே ஒரு கல்யாணக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு மெர்வி கடைக்குப் போனால் ஒரே நக்கல்தான்.

"என்ன மெர்வி, இன்னிக்கு நாங்க சட்டை போட்டுக்கலாமா, இல்ல அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றியா?"

உர்ப்போ ஒருபடி மேலே போனார். "இன்னொரு தடவை ஊதுச்சுன்னா நான் நகர மாட்டேன் பாத்துக்க. அமோனியாவே வந்து என்னைத் தூக்கிட்டுப் போகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வி பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. மஞ்சள் தூள் விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் உர்ப்போ வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஊர் நிஜமாகவே அப்படி முடிவு செய்துவிட்டிருந்தது.

யுஹன்னுஸ் வந்தது. கோடையின் பெரிய நாள். முனையில் விறகுக் கோபுரம் அடுக்கியாகிவிட்டது, மாலையில் தீ வைப்பார்கள். மேசைகள், சாசேஜ் சுடும் அடுப்புகள், நடனத்துக்குப் பலகைத் தளம். அந்தத் தளத்தில் அக்கார்டியன் வாசிப்பது இங்கா. என் மனைவி பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மத்தியானமே போய்விட்டாள். ஆலையில் நான், மெர்வி, மேலாளர் ஒஸ்மோ என மூன்று பேர்தான். ஒஸ்மோ என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், நல்லவன், கொஞ்சம் படபடப்பு. மகரந்தக் காலம் முழுவதும் மூக்கடைத்துக்கொண்டு தும்முவான்.

பிற்பகலில் அத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஒளி குறைகிறது என்று விளக்கு மஞ்சளாகும், உடனே சரியாகிவிடும், மறுபடி மஞ்சளாகும். ஒஸ்மோ கட்டுப்பாட்டு அறைக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

"மெர்வி, தயவுசெஞ்சு அவளுக்கு வாய்ப்பூட்டு போடு. திங்கக்கிழமை அவுத்துக்கலாம். யுஹன்னுஸ் அன்னிக்கு மட்டும் சங்கு ஊதுச்சு, என்னைக் கோபுரத்துல வச்சுக் கொளுத்திடுவாங்க."

"துடைச்சுப் பாத்துட்டு வர்றேன்" என்று அவள் துணியோடு போனாள்.

போனவள் வெளியே இருந்து சிரிப்பதைக் கேட்டேன். மெர்வி சத்தமாகச் சிரிப்பது அபூர்வம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கம்ப்ரஸர் கட்டட வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு இளம் பிர்ச் மரங்கள், இலை பளபளக்க, வாளித் தண்ணீரில் நின்றிருந்தன. யுஹன்னுஸுக்கு வீட்டு வாசலில் வைப்பதுதான். காலையில் ஒஸ்மோ தன் தோப்பிலிருந்து வெட்டி வந்து ஆலை வாசலிலும் வைத்துவிட்டான். வருஷா வருஷம் வைக்கிறவன். ஆனால் அத்தைக்கு இதுதான் முதல் யுஹன்னுஸ். ஏரிக் காற்று வீசும்போதெல்லாம் ஒரு கிளை வளைந்து சரியாக அத்தையின் கண் முன்னால் ஆடியது.

"உன் மரம்டா ஒஸ்மோ!" என்று நான் கூவினேன். "அத்தை கண்ணைப் பொத்தி விளையாடுறே!"

ஒஸ்மோவின் காது சிவந்துவிட்டது. அவனும் சிரித்தான். மூன்று பேருமாக மரங்களை இழுத்துத் தள்ளி வைத்தோம். ஒளி முழுசாகத் திரும்பியது. எண், பூஜ்யம். மெர்வி குப்பியை நீட்டினாள், அத்தை சரியாகச் சொன்னாள். செத்த பூஜ்யம் இல்லை, உயிருள்ள பூஜ்யம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. புது உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் குளிர்ந்த பீரும் கண்ணுக்குள் வந்து நின்றன. கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

மெர்வி கிளம்பவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது பழுது பார்ப்பவர்களுக்கான திரை. பிற்பகல் முழுக்க அத்தை பார்த்ததெல்லாம் அதில் கோடாக இருக்கும்.

"என்ன இன்னும்?" என்றேன்.

"கிளை ஆடுன நேரத்துல எல்லாம் கொஞ்சம் அமோனியா காட்டியிருக்கா. சின்ன எண்தான்."

"வெளிச்சம் குறைஞ்சா உளறுவான்னு நீதானே சொல்லியிருக்கே" என்றான் ஒஸ்மோ. "கிளை மறைச்சுது, உளறினா. இப்ப கிளை இல்ல, உளறலும் இல்ல. முடிஞ்சுது."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். மெர்வி தன் அழுக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். அவள் தன் கண்ணாடியைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

"உளறினா மேலயும் போகும், கீழயும் போகும்" என்றாள் மெதுவாக. "வெளித்திரையில பூஜ்யத்துக்குக் கீழ காட்டாது. உள்ள காட்டும். இங்க பாரு. கீழ ஒரு தடவைகூடப் போகல. போனதெல்லாம் மேலதான்."

"அதனால?"

"கிளை வெளிச்சத்தைத்தான் மறைக்கும் ஒஸ்மோ. அமோனியா போடாது."

காற்று நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தள்ளி வைத்த மரத்தில் ஓர் இலை அசையவில்லை. பிற்பகலெல்லாம் ஏரியிலிருந்து ஆலைப் பக்கம் வீசிய காற்று. அந்தக் காற்றுதான் கிளையை ஆட்டியது. கூரைக்கு அந்தப் பக்கம், ஏரியைப் பார்த்த பக்கம் ஏதாவது கசிந்தால், அதையும் அதே காற்றுதான் முற்றத்துக்குக் கொண்டுவந்திருக்கும். அதனால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இப்போது காற்று இல்லை, அதனால் பூஜ்யம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கரை குளிர்ந்து, காற்று திரும்பி, இங்கிருந்து ஏரிப் பக்கம் வீசும். நேரே முனைக்கு.

"உனக்கு வாசனை வருதா?" என்று மெர்வி என்னைக் கேட்டாள்.

என்னைப் போய்க் கேட்கிறாள்! முப்பது வருஷமாக அமோனியாவோடு குடித்தனம் செய்த மூக்கு. அவளுடையது காகித ஆலையில் போனது. ஒஸ்மோவுடையது மகரந்தத்தில் அடைத்துக் கிடந்தது. மூன்று ஆள் நின்றோம், ஒரு மூக்கு இல்லை.

"சங்கை ஊது" என்றாள் மெர்வி.

"பைத்தியமா உனக்கு?" ஒஸ்மோ கத்தினான். "பூஜ்யம் காட்டுது! பூஜ்யத்தை வச்சுக்கிட்டு ஊர்த் திருவிழாவைக் கலைக்கச் சொல்றியா? போன தடவையே உன்னை என்ன பாடு படுத்துனாங்க. இதுவும் பொய்னா நீ இந்த ஊர்ல இருக்கவே முடியாது மெர்வி. உன் பொண்ணு அங்க வாசிக்கிறா, அவ மூஞ்சியை எங்க வச்சுக்குவா?"

"பொய்னா நான் போயிடுறேன். வேற ஊர் இல்லாமலா போச்சு? நிஜம்னா?"

ஒஸ்மோவின் அம்மாவும் முனையில்தான் இருந்தாள். என் பேத்தி அங்கே தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கூரையில ஏறி மோந்து பாக்க ஆள் இல்ல. கையில பிடிச்சுப் பாக்குற கருவி?" என்று ஒஸ்மோ கேட்டான்.

"சரிபார்க்க அனுப்பியிருக்கு. வர நாளாகும்." மெர்வி ஸ்பேனரை எடுத்துவிட்டாள். "அத்தையைத் திருப்புறேன். ரைமோ, கம்பத்துக் கண்ணாடியைக் கழட்டு. குளிர்கிடங்கைச் சுத்திப் போ, ஏரிப்பக்க வேலி மூலையில நின்னு பிடி. இங்கேருந்து பாத்தா அந்த மூலை தெரியும். வெளிச்சம் கூரை ஓரமாப் போகும்."

கருவியை இப்படித் திருப்புவதற்கு எந்தப் புத்தகத்திலும் அனுமதி இல்லை. திருப்பினால் முற்றத்துக்குக் காவல் இல்லை, சங்கும் தானாக ஊதாது. ஆனாலும் ஒஸ்மோ ஏணியைத் தூக்கி வந்து அவளுக்குப் பிடித்துக்கொண்டான்.

நான் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். வேலி மூலையில் நின்றதும் முனை முழுசாகத் தெரிந்தது. வெயில் இன்னும் தகதகவென்று இருந்தது. வெள்ளைச் சட்டைகள், பூ முடிந்த தலைகள், அக்கார்டியன் சத்தம். கோபுரத்துக்கு இன்னும் தீ வைக்கவில்லை.

"மேல தூக்கு!" மெர்வி ஏணியிலிருந்து கத்தினாள். "இன்னும்! அசையாதே!"

"கை நடுங்குதுடி!"

"நடுங்கட்டும், கண்ணாடி நடுங்கக் கூடாது! மூச்சை விடாதே!"

கண்ணாடியைத் தலைக்கு மேலே பிடித்து, மூச்சைப் பிடித்து நின்றேன். ஒளி எனக்குத் தெரியாது, எண்ணும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஏணியில் நின்ற மெர்வியின் முதுகு. அந்த முதுகு விறைத்தது.

"ஏறுது" என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. "ஒஸ்மோ. ஏறிக்கிட்டே இருக்கு."

அப்போது என் கன்னத்தில் காற்று பட்டது. பின்பக்கமிருந்து. காற்று திரும்பிவிட்டது.

ஒஸ்மோ ஓடிய ஓட்டத்தை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. அவனே தன் கையால் பொத்தானை அழுத்தினான். சங்கு அலறியது.

எனக்கு இப்போது வேலை தெரிந்தது. கூரையில், ஏரிப்பக்கம், பெரிய தொட்டியின் இரட்டைப் பாதுகாப்பு வால்வுகள் இருக்கின்றன. அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறக்க வேண்டியவை. வெயிலில் ஒன்று தளர்ந்து, மூடாமல் கசிந்துகொண்டிருக்க வேண்டும். நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் கெட்டதை அடைத்து நல்லதுக்கு மாற்றிவிடலாம். கம்ப்ரஸர்களை நிறுத்தினேன், மூச்சு முகமூடியையும் காற்றுச் சிலிண்டரையும் மாட்டிக்கொண்டு இரும்புப் படியில் ஏறினேன்.

பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. சீறல். கசிவாக இருந்த வால்வு முழுசாகவே விட்டுவிட்டது. குழாய் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை கொட்டி, ஏரியின் ஈரக் காற்றோடு கலந்து கனத்து, கூரை விளிம்பில் வழிந்து, புல்லில் தவழ்ந்தது. மெல்ல, அவசரமே இல்லாமல், முனையை நோக்கிப் போனது.

நான் முனையைப் பார்த்தேன். அவர்கள் நகரவில்லை.

சங்கு காதைக் கிழிக்கிறது, ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. ஆலையைப் பார்த்துப் பாட்டிலை உயர்த்தி ஆட்டுகிறார்கள். உர்ப்போ மேசை மேலேறி நின்று, தொப்பியைக் கழற்றி ஆலைக்கு வணக்கம் வைக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், அது தோள்கள் குலுங்குவதில் தெரிகிறது. இங்கா நடன இசையை விடாமல் வாசிக்கிறாள், சங்கோடு போட்டி போடுகிற மாதிரி. முகமூடிக்குள் நான் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? என் பேத்தி, என் பேத்தி என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. சக்கரம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தோளைக் கொடுத்து முட்டினேன், அசையவில்லை. கீழே ஒஸ்மோ முனையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான், ஆனால் அவனுக்கும் முனைக்கும் நடுவே அந்த வெள்ளைப் புகை போய்விட்டது. திரும்பி, சுற்றுப் பாதையில் ஓடினான். நேரமாகும்.

முற்றத்தில் மெர்வி நின்றாள். ஒரு கையில் ஸ்பேனர். மறு கையைக் காதில் வைத்திருந்தாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. காதைப் பொத்திக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், போன்.

முனையில் இசை நின்றது. ஒரு சுரத்தின் நடுவில், அறுத்த மாதிரி நின்றது. இங்கா எழுந்து நின்று ஏதோ சொன்னாள். உர்ப்போவின் கை தொப்பியோடு அப்படியே நின்றது. அடுத்த நொடி மேசையிலிருந்து அவரே குதித்து, பக்கத்தில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அதன்பிறகு எல்லோரும் எழுந்தார்கள். பாட்டில்கள் விழுந்தன. தள்ளுவண்டி கிளம்பியதைப் பார்த்தேன், என் மனைவியின் நீலச் சால்வை அதற்குப் பின்னால் ஓடியது. மொத்தக் கூட்டமும் காற்றுக்குக் குறுக்கே, தேவாலயப் பக்கம் போனது.

சக்கரம் அப்போதுதான் அசைந்தது. ஏன் அதுவரை அசையவில்லை, அப்போது மட்டும் ஏன் அசைந்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. திருப்பினேன். சீறல் நின்றது. முகமூடியோடேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

புகை முனையைத் தாண்டி ஏரிமேல் போய்க் கரைந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து, அளந்து, போகலாம் என்ற பிறகு அந்தப் பக்கம் போனோம். நடனத் தளத்தைச் சுற்றி நட்டிருந்த பிர்ச் மரங்களின் இலைகள் எல்லாம் வெந்த கீரையாகக் கறுத்துச் சுருண்டிருந்தன. தளத்தின் மேல் இங்காவின் அக்கார்டியன் வாயைப் பிளந்து கிடந்தது. ஒஸ்மோ அந்த இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓர் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேருக்குக் கண் எரிச்சல், உர்ப்போவுக்குக் கணுக்கால் சுளுக்கு.

தேவாலய வாசலில் கூட்டம் நின்றது. யாரோ காபிக் குடுவைகளை மறக்காமல் தூக்கி வந்திருந்தார்கள். அமோனியா துரத்தினாலும் எங்களூர்க்காரர்கள் காபியை விட்டுவிட்டு ஓட மாட்டார்கள். மெர்வி வந்தபோது எல்லோரும் வழிவிட்டார்கள். உர்ப்போ மட்டும் நொண்டிக்கொண்டு வந்து ஒரு கோப்பையை நீட்டினார்.

"சர்க்கரை போடல. நீ போட மாட்டேல்ல?"

"மாட்டேன்."

அவ்வளவுதான் அவர் கேட்ட மன்னிப்பு. அவள் வாங்கிக் குடித்தாள்.

நான் இங்காவைப் பிடித்துக்கொண்டேன். "சங்குக்கு அசையாத ஜனத்தை எப்படிம்மா கிளப்புன? என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல ரைமோ மாமா. 'அம்மா போன் பண்றாங்க'ன்னேன். அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மெர்வி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "நீ எடுக்கலையே" என்றாள். "மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் காதுல வச்சுக்கிட்டே நின்னேன்."

"எடுக்கலம்மா. உன் பேரு திரையில வந்துச்சு. அதுவே போதும்."

"எடுத்திருக்கலாம்." நான் கேட்டறியாத குரல். "எடுத்திருக்கலாம் இங்கா. நான் பேசுறதுக்குத் தயாரா இருந்தேன்."

இங்கா அம்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கிப் படியில் வைத்தாள். நாலு எட்டு தள்ளிப் போய், கல்லறைச் சுவர் ஓரமாக நின்று, தன் போனை எடுத்து ஏதோ அழுத்தினாள். மெர்வியின் சட்டைப் பையில் மணி அடித்தது.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மெர்வி பையையே கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு எடுத்துக் காதில் வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா போன கதையிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள் போலிருக்கிறது, ரொம்ப நேரம் ஆனது. காபி ஆறிப்போனது. நான்தான் அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றி வைத்தேன்.